பிட்டும் பிட்ஸும்

காலையில் எழுந்ததும் கையைக் காலை வீசிக் கொஞ்சம் நடங்கள், உடம்பு இலேசாகும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. ஐம்பதை நெருங்குகிற உடம்பு. சொல்கிறவர்களும் என் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் தேகப்பயிற்சி என்ற சொல் காதில் விழுந்த உடனே பனி மூடிய ஒரு களமும், கம்பளி போர்த்திய பெண்களும், அவர்கள் வாயிலிருந்து கிளம்பும் வெள்ளை ஆவியும் கண்முன் வந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவளைப்போல அலுப்பாக இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய பயிற்சி முழுவதையும் அப்பா ஒருவரே செய்துவிட்டார் என்றும் சில சமயம் தோன்றும்.

சேலத்து மலையில், தலைச்சோலைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். எங்கேயோ சண்டை நடந்துகொண்டிருந்த காலம். விடியற்காலையில் தப்பட்டை அடித்ததும் ஆட்கள் கூடி வரிசையில் நிற்கும் இடத்தைப் பெரட்டுக் களம் என்போம். பரேடு என்று கீழேயிருந்து கிளம்பிய சொல் மலையேறி வருவதற்குள் மூச்சு வாங்கி அப்படி ஆகிவிட்டது. பெரட்டில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவார், ஆட்கள் காட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். புதிதாக ஒரு துரை வந்து சேரும் வரைக்கும் அவ்வளவுதான்.

புதுத் துரை தேகப்பயிற்சிப் பைத்தியம். பங்களா வராந்தாவில் அரை டிரவுசரோடு நின்று, கையை மேலே தூக்கி, குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டு, நிமிர்ந்து, மறுபடி குனிவார். காசு கீழே விழுந்து தேடுகிறார் என்றே முதல் வாரம் எல்லோரும் நினைத்தோம். எஸ்டேட் ஆட்கள் மத்தியானத்துக்குள் சோர்ந்து போவதற்குக் காரணம் அவர்களுக்கு மூச்சு விடத் தெரியாததுதான் என்று அவர் கண்டுபிடித்தார். அரைவயிற்றுக் களியைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. மூச்சு விடக் கற்றுக்கொடுப்பதற்காகப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வேலூர்ப் பக்கமிருந்து வந்து சேர்ந்தார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, கஞ்சி போட்டது போலவே மீசை. அவருக்குப் பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டிரில் மாஸ்டர்.

அன்றிலிருந்து பெரட்டுக்கு முன்னால் டிரில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இடுப்பில் காப்பிப் பழக்கூடையைக் கட்டிய பெண்கள் கையை மேலே தூக்கினால் கூடையும் கூடவே ஏறும். இறக்கினால் பின்னால் இடிக்கும். பனியில் பாதி ஆள் தெரியாது. கைகள் மட்டும் மேலே முளைத்து மறையும். "மார்க் டைம்" என்று மாஸ்டர் கத்துவார். நின்ற இடத்திலேயே முட்டியைத் தூக்கித் தூக்கி நடக்க வேண்டும். எங்கும் போகாத நடை. அந்த மலையில் பிறந்தவர்களுக்கு அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கற்றுக்கொடுத்தார்கள்.

முதலில் வாய் திறந்தது அம்மாதான்.

"ஏனுங்க மாஸ்டரு, நாள் முச்சூடும் ஏத்தத்துல ஏறி எறக்கத்துல எறங்கறவளுக்கு இன்னும் என்னத்துக்குங்க கைய ஆட்டறது?"

"அது வேலைம்மா. இது எக்சர்சைஸ்."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

மாஸ்டர் மீசையைத் தடவினார். "வேலையில உடம்பு தேயும். எக்சர்சைஸ்ல உடம்பு வளரும்."

"அப்ப வேலைய நிறுத்திப்போட்டு நாள் முச்சூடும் இதையே பண்றமுங்க. வளந்துட்டுப் போறோம். துரைகிட்டச் சொல்லிக் கூலி மட்டும் போடச் சொல்லுங்க."

பெண்கள் கூட்டம் முக்காட்டுக்குள் சிரித்தது. மாஸ்டரும் சிரித்துவிட்டு, அதை மறைக்க "ஸைலன்ஸ்!" என்று கத்தினார். கெட்ட மனிதர் இல்லை.

அப்பாவின் கதை வேறு. அவர் பழ மூட்டை சுமப்பவர். காட்டிலிருந்து, பல்ப்பர் என்கிற பழம் அரைக்கும் மிஷின் கொட்டகைக்கு ஏற்றத்தில் தூக்கிப் போகும் வேலை. முதல் நாளே மாஸ்டர் அவரை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் பிரம்பால் மெல்லத் தட்டி, "பாருங்கடா, சரீரம்னா இதாண்டா" என்று எல்லோருக்கும் காட்டினார். அப்பா குளிரில் நடுங்கினார். கூச்சத்தாலும்தான். அந்த உடம்பிடம் அதுவரை எல்லோரும் வேலை வாங்கியிருந்தார்களே தவிர, அதை நின்று பார்த்து நல்லது என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து அப்பா வரிசையின் வலது கோடியில் நிற்கும் ஆள் ஆனார். மற்றவர்கள் அவரைப் பார்த்து வரிசையை நேராக்கிக்கொள்ள வேண்டும். ரைட் மார்க்கர் என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்தார், புதுப் பல்லை நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல.

மாஸ்டர் பாடமும் நடத்துவார். உடம்புக்கு மூன்று சங்கதி என்பார். பலம், தம், வளைவு. தூக்குவது பலம். தூக்கியதை இறக்காமல் நடப்பது தம். இறக்கிவைத்த பிறகு நிமிர முடிவது வளைவு. எடுத்தவுடன் ஓடாதே, முதலில் உடம்பைச் சூடாக்கு. ஓடி முடித்ததும் பொத்தென்று உட்காராதே, மெல்ல நடந்து நெஞ்சை ஆறவிடு. விழுவதற்கும் ஒரு முறை உண்டு: தோள் முதலில் தரையைத் தொடட்டும், தலை கடைசியில் வரட்டும். இதையெல்லாம் அப்பா கோயிலில் கதை கேட்பதுபோலக் கேட்டார்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எனக்கும் டிரில் உண்டு. ஆகவே சாயங்காலங்களில், ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் நான் மாஸ்டர், அப்பா பட்டாளம். அவருக்கு லெப்ட்டும் ரைட்டும்தான் வராது. "ரைட்டுன்னா சோத்தாங்கைங்கப்பா" என்று நான் அதட்டுவேன். உடனே வாயருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்து, எந்தக் கை என்று முடிவு செய்துகொண்டு திரும்புவார். களி கிண்டிக்கொண்டே அம்மா உள்ளேயிருந்து, "சோறுன்னு சொன்னாத்தான் உங்கப்பனுக்குத் திக்குத் தெரியும்" என்பாள். மூட்டை சுமந்து வந்த உடம்பு, மறுபடி நின்ற இடத்தில் நடக்கும். களைப்பு அவர் முகத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு சந்தோஷமும் இருந்தது.

மாஸ்டர் வந்தது மூச்சு விடக் கற்றுக்கொடுக்க மட்டும் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. வடக்கே எங்கேயோ எல்லைப் பக்கம், பட்டாளத்துப் போக்குவரத்துக்கு மலையை வெட்டி ரோடு போடுகிறார்களாம். மலை பழகிய ஆட்கள் வேண்டுமாம். எஸ்டேட் ஒவ்வொன்றும் ஆள் அனுப்ப வேண்டும். டிரில்லில் யார் தேறுகிறார்களோ, டிரஸ்ஸர் பரிசோதித்து யாரைப் பிட் என்று சொல்கிறாரோ, அவர்களை அடிவாரத்தில் லாரி ஏற்றிச் சேலம் கொண்டுபோய் அங்கிருந்து ரயில். டிரஸ்ஸர் என்பவர் எங்கள் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்துப் புண் கட்டுகிறவர். அந்த மலைக்கு அவர்தான் டாக்டர்.

"பூட்ஸு குடுக்கறாங்களாமா" என்றார் அப்பா அன்று சாயங்காலம். "கம்பளிக் கோட்டும் உண்டாமா."

அம்மாவின் துடுப்பு களிச்சட்டியில் நின்றது. போன வருடம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து போன முதல் லாரியில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை. இரண்டு வீடுகளில் தாலி இறங்கிவிட்டது. அதோடு, அம்மாவின் அப்பா பினாங்குக்குப் போனவர். போய்ட்டு வாரேன் என்று சொல்லிப் போனவர். அம்மாவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. சந்தைக்குக் கிளம்பும்போதுகூட அவள் அதைச் சொல்ல மாட்டாள்.

"போவோணும்னு இருக்குதுங்களா?" என்றாள்.

"ரைட் மார்க்கரு போகாம வேற ஆரு போறது, புள்ள?"

அம்மா மறுபடி கிண்டத் தொடங்கினாள். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. அழுவதற்கும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்க வேண்டும். காப்பி பழுத்துச் சிவந்து கிடக்கும் மாதங்களில் அந்த லைனில் எந்தப் பெண்ணிடமும் அது மிச்சம் இருப்பதில்லை.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, சுள்ளி பொறுக்கப் போகும்போது என்னைக் கேட்டாள்.

"கண்ணு, இந்தப் பிட்டு பிட்டுங்கறாங்களே, திங்கறதா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது புட்டும்மா. இது இங்கிலீசு. பிட்டுன்னா ஒடம்பு நல்லாருக்குதுன்னு அர்த்தம்."

"அப்ப பல்ப்பர் ஊட்டுப் பெரியவரு வாயில நொரை தள்ளி உழுந்தப்ப டிரஸ்ஸரய்யா பிட்டுன்னாரே? நல்லாவா இருந்துச்சு அவருக்கு?"

"அது பிட்ஸும்மா. கடேசில ஸ் வரும். பிட்ஸுன்னா காக்கா வலிப்பு."

"ஸ் வந்தா சீக்கு. வராட்டி சீக்கில்ல."

"ஆமா."

"அவ்வளவுதானா சாமி வித்தியாசம்?"

"அவ்வளவுதான்."

அம்மா சுள்ளிக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமை. அம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மகள் அந்த லைனில் வேறு யாரும் இல்லை.

தேர்வு நாளன்று களத்தில் துரைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. நாங்கள் எல்லோரும் ஆரஞ்சு மரத்தடியில் நின்று பார்த்தோம். பங்களா வளைவு வரை ஏற்றத்தில் ஓடித் திரும்பி வர வேண்டும். வந்ததும் டிரஸ்ஸர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, நெஞ்சு எவ்வளவு சீக்கிரம் பழையபடி அடங்குகிறது என்று கணக்குப் பார்த்தார். சீக்கிரம் அடங்கினால் நல்ல உடம்பு. பிறகு ஒரு பெரிய கல்லைத் தோளுக்கு ஏற்றி இறக்க வேண்டும். குனிந்து கால்விரல் தொட வேண்டும். நெஞ்சைச் சுற்றி நாடா போட்டு, மூச்சை இழுக்கச் சொல்லி, நாடா எவ்வளவு விரிகிறது என்று பார்த்தார்கள். பலம், தம், வளைவு. அப்பா மூன்றையும் செய்தார். மற்றவர்கள் இரைத்துக்கொண்டு முட்டியைப் பிடித்து நின்றபோது அவர் மட்டும் சொல்லிக்கொடுத்தபடி மெல்ல நடந்து நெஞ்சை ஆறவிட்டார். அதைப் பார்த்து மாஸ்டர் துரையிடம் ஏதோ சொல்ல, துரை தலையசைத்தார். கடைசியில் அப்பா துரைக்கு முன்னால் அட்டென்ஷனில் போய் நின்றார்.

"பிட், சார்" என்றார் டிரஸ்ஸர்.

நான் கைதட்டினேன். அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து அம்மா வெளியே வந்தாள்.

"பிட்ஸுங்க தொரே" என்றாள்.

களம் சிரித்தது. புருஷனுக்குக் கிடைத்த பட்டத்தை இங்கிலீஷிலேயே சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். "ஒத்தப் பிட்டு போதாதாமா, அம்மணிக்கு நெறையா வேணுமாமா" என்று யாரோ ஒருத்தி சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதானது. எனக்குக் காது சுட்டது. அவ்வளவு விளக்கிச் சொல்லியும் அம்மா ஸ் போட்டுவிட்டாளே! ஓடிப்போய் அவள் சீலையை இழுத்தேன். "ஸ் வரக் கூடாதும்மா. பிட்டு. வெறும் பிட்டு." அம்மா என் கையைப் பார்க்காமலே தட்டிவிட்டாள்.

"பிட்ஸுங்க. காக்கா வலிப்பு. உழுந்தா வாயெல்லாம் நொரை. கைகாலு இழுத்துக்கும். இரும்புச் சாவியக் கையில குடுத்தாத்தான் நிக்கும். எங்கூட்டுக்காரரு வெக்கப்பட்டுட்டு ஆருகிட்டயும் சொல்லலீங்க. நான் எப்பிடீங்க சொல்லாம இருக்கறது? அங்க மலை உச்சியில நின்னு பாறை ஒடைக்கறப்ப உழுந்தா?"

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. டிரஸ்ஸர் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். துரை அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். மாஸ்டர் அப்பாவின் முகத்துக்கு நேராக வந்து நின்று, "இன்னாடா, மெய்யா?" என்றார்.

அப்பா பேசவில்லை. அட்டென்ஷனில் நிற்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. அதைச் சொல்லிக்கொடுத்தவரே மாஸ்டர்தான். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் எதிரே பனி கலைந்துகொண்டிருந்த காப்பிச் சரிவில் நிலைத்திருந்தது. "இல்லீங்க" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அம்மா பொய்க்காரி, அவர் பிட். துரை காத்திருந்தார். மாஸ்டர் காத்திருந்தார். அம்மா மட்டும் அவரைப் பார்க்கவில்லை, தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

துரை யோசித்துவிட்டுச் சொன்னதை டிரஸ்ஸர் தமிழில் சொன்னார். நோய் உண்மை என்றால் எப்படியும் வரும். லாரி கிளம்பும் வரைக்கும் இந்த ஆள் தினமும் டிரில்லுக்கு நிற்கட்டும், டிரஸ்ஸர் கண்ணில் படும்படி. வந்தால் அன்பிட். வராவிட்டால் லாரி ஏற வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு அப்பா அம்மாவோடு பேசவில்லை. என்னோடு டிரில்லும் இல்லை. வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அம்மாவும் அவரிடம் எதையும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. ஆனால் என்னிடம் புதிதாக ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள். அப்பா தட்டத்துக்கு முன்னால் உட்காரும் நேரம் பார்த்துத்தான் அந்தக் கதை தொடங்கும். அவள் பிறந்த ஊரில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருக்கு வலிப்பு உண்டாம்.

"மொதல்ல கண்ணு ஒரே எடத்துல நிக்கும், சாமி. கூப்புட்டா கேக்காது. அப்பறம் சோத்தாங்கை இழுக்கும். கட்டைவெரலு உள்ளங்கைக்குள்ள மடங்கிப் போயிரும், அதை மறக்கக் கூடாது. அப்பறந்தான் உழுவாங்க. பல்லு கிட்டிக்கும். உழுந்ததும் காலு வெட்டும், நெஞ்சு திமிரும். நொரை ஒடனே வராது, கொஞ்ச நேரம் கழிச்சு எச்சலு கூடித்தான் வரும். அடங்கறப்பப் படக்குனு எந்திரிக்க மாட்டாங்க. தூங்கி எந்திரிச்சவங்களாட்ட முழிப்பாங்க. ஒண்ணும் நெனப்பிருக்காது."

ஒரு நாள் சொன்னதை மறுநாளும் சொன்னாள், அதே வரிசையில், ஒன்று விடாமல். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அப்பாவுக்கு வந்தால் நான் பயந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பாவுக்கு எப்ப வந்துச்சும்மா?"

"நீ பொறக்கறதுக்கு முந்தி."

அப்பாவின் கை தட்டத்தின் மேல் அப்படியே நின்றது. பிறகு களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. மெல்லுகிற தாடை மட்டும் தெரிந்தது, மெல்ல மெல்ல.

லாரி வரப்போகும் நாள். களத்தில் வழக்கத்தைவிடக் கனமான பனி. போகிற ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஒரு பக்கம் நின்றார்கள், அவர்களுடைய பெண்கள் அவர்களைத் தொடாமல் பக்கத்தில் நின்றார்கள். அப்பாவின் துணிகளை அம்மா மூட்டையாகக் கட்டிக் களத்து ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். டிரில் தொடங்கியது. துரையும் வந்திருந்தார். டிரஸ்ஸர் அப்பாவுக்கு நேராக நின்றார். கைகள் மேலே போயின. எல்லாக் கைகளும் இறங்கின. அப்பாவின் கை மட்டும் இறங்கவில்லை.

கண் ஒரே இடத்தில் நின்றது. வலது கை இழுத்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கியது. பிறகு அந்தப் பெரிய உடம்பு விழுந்தது. அம்மா சொன்ன அதே வரிசை! எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள் என்று அந்தப் பயத்திலும் எனக்கு ஆச்சரியம். யாரோ சாவியை என் கையில் திணித்தார்கள், நான்தான் ஓடினேன். அப்பாவின் முறுக்கிய கைக்குள் சாவியை வைத்தேன். அந்தக் கை சாவியோடு சேர்த்து என் விரல்களையும் பிடித்து நெரித்தது. "வலிக்குதுங்கப்பா" என்றேன். உடனே பிடி தளர்ந்தது. இரும்புக்கு இவ்வளவு சக்தியா என்று நினைத்தேன். வாயோரம் நுரை வந்தது. நுரையில் இரத்தமும் இருந்தது. நாக்கைக் கடித்திருந்தார்.

டிரஸ்ஸர் மண்டியிட்டு நாடியைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார். அண்ணாந்து மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அப்பாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில்தான் மண் ஒட்டியிருந்தது, தலையில் ஒரு துளி இல்லை. வலிப்பு வந்தவன் வெட்டின மரம்போல விழுவான். தோளைக் கொடுத்துத் தலையைக் காத்து விழுகிறவன் யாரிடமோ பாடம் கேட்டவன். இதெல்லாம் நான் பின்னாளில் யோசித்துக் கண்டுகொண்டது. அன்று நான் கண்டது, மாஸ்டர் சட்டென்று திரும்பி வரிசையைப் பார்த்து, "இங்க இன்னா வேடிக்கை! ஐஸ் ஃப்ரன்ட்! நேராப் பாருங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தியதும், துரை பக்கம் போய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து "அன்பிட், சார்" என்றதும்தான்.

லாரி போனது. போனவர்களில் பாதிப் பேர் சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் பூட்ஸோடு வந்தார்கள், அப்பா அந்த பூட்ஸுகளைப் பார்த்தார்.

வலிப்புக்காரனை மிஷின் கொட்டகைக்குள் விட மாட்டார்கள். மரம் ஏறவிட மாட்டார்கள். மூட்டையோடு சரிவில் நடக்கவிட மாட்டார்கள். அந்த மலையிலேயே நல்ல சரீரம் என்று பெயர் வாங்கியவரை, பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் உட்கார்ந்து காப்பிக் கொட்டையில் கல் பொறுக்க வைத்தார்கள். அரைஞாண் கயிற்றில் எப்போதும் ஒரு சாவி. அடுப்புப் பக்கம் போனால் யாராவது அதட்டுவார்கள். அதன் பிறகு அவருக்கு ஒரு தடவைகூட வரவில்லை, எல்லோரும் சாவியைப் புகழ்ந்தார்கள். நான் பெரியவளான பிறகு, அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவே இல்லை. வலிப்பு வம்சம் என்ற பேச்சு எங்களுக்கு முன்னால் மலையிறங்கிப் போயிருந்தது. அப்பா எதையும் மறுத்ததில்லை. அம்மாவும் எதற்கும் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசாமலே சேர்ந்து சுமந்தார்கள், பெரிய மூட்டையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்வதைப்போல.

விழுந்த அன்று அப்பாவை வேலைக்கு அனுப்பவில்லை. அம்மாவையும் கூட இருக்கச் சொல்லிவிட்டார்கள். மத்தியான வெயிலில் லைன் அமைதியாக இருந்தது, ஆட்கள் எல்லோரும் காட்டில். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு அப்பாவின் வாயைக் கழுவிவிட்டாள். கடிபட்ட நாக்கோடு அவர் கம்பளியில் மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் சாவியைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்த்தபடியே, அவ்வளவு நாள் கழித்து முதல் தடவையாக அம்மாவிடம் வாய் திறந்தார். சொல் குழறி வந்தது.

"சரியா வந்துச்சா, புள்ள?"

அம்மா உப்பு வெந்நீரைக் கீழே வைத்தாள். பாவம், இவளுக்கு டிரில்லைப் பற்றி என்ன தெரியும் என்று நான் முந்திக்கொண்டேன்.

"கைய மேல தூக்கற வரைக்கும் சரியா வந்துச்சுங்கப்பா. ஆரும் உங்களாட்டம் நேராத் தூக்கலீங்க. எறக்கறதுக்குள்ளதான் உழுந்துட்டீங்க."

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பார்த்தால் சிரிப்பதுபோல இருந்தது. சிரிக்கிறாளே என்று பார்த்தால் கண்ணில் நீர் கொட்டியது. அப்பா கையை நீட்டி என் தலையைத் தொட்டார். "நொம்பச் சந்தோசம், சாமி" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் ஆட்கள் காட்டிலிருந்து இறங்கியதும் வாசலுக்கு ஓடி, எங்கப்பா வலிப்பு வந்து கிடந்து எழுந்தும் முதல் வார்த்தையாக டிரில்லைப் பற்றித்தான் கேட்டார் என்று லைன் முழுக்கச் சொன்னேன். கூடையை இறக்கிவைத்தபடியே எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் கூடவே கொட்டினேன்.